ஒரே வாசல்

அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் மூன்று அரன் தீவுகள் இருக்கின்றன. நடுவில் இருப்பது இனிஷ் மான். இருநூறு பேர்கூட இல்லாத ஊர். பேச்சு ஐரிஷ் மொழியில். ஊருக்கு ஒரே ஒரு பப். மீன் பிடிப்பவர், மாடு வளர்ப்பவர், என்னைப் போல் காலைப் படகில் வந்து இறங்கியவர் என எல்லோருக்கும் அந்த வாசல்தான்.

பப் என்றதும் நம்மவர்களுக்குச் சாராயக் கடை நினைவுக்கு வரும். அந்தக் கசப்பு நியாயமானது. அயர்லாந்திலும் குடியால் அழிந்த வீடுகள் ஏராளம். 1838இல் கார்க் நகரில் பாதிரியார் தியோபால்ட் மேத்யூ தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். நான் குடித்தது தேநீர். கேட்டதும் முகம் சுளிக்காமல் போட்டுத் தந்தார்கள். என் மனதில் நிற்பது அந்த அறையும், அதில் மனிதர்கள் உட்கார்ந்திருந்த விதமும்தான்.

கருப்பு பீரை அங்கே ஒரே மூச்சில் ஊற்றுவதில்லை. கோப்பையைச் சாய்த்து முக்கால் பங்கு நிரப்பி அப்படியே வைத்துவிடுகிறார்கள். பழுப்பாகக் கொதித்துக் கலங்கியது கீழிருந்து மெல்லக் கறுத்து, நுரை மேலே திரண்டு நிற்கும்வரை யாரும் அதைத் தொடுவதில்லை. பிறகுதான் மீதி. அந்த ஓரிரு நிமிடத்தில் வானிலை விசாரிக்கப்படுகிறது, ஒருவர் அம்மாவின் முழங்கால் விசாரிக்கப்படுகிறது, என் ஊர் விசாரிக்கப்படுகிறது.

கவுண்டரின் இரு முனைகளிலும் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவர் நாளிதழைப் படித்து முடித்து மடித்து வைத்தார். கடைக்காரர் அதை எடுத்துப் போய் மற்றவர் முன்னால் வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. என் பக்கத்து மேசைப் பெண்மணி தணிந்த குரலில் சொன்னார்: “ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏதோ சுவர்த் தகராறு. ஆனா படகு இழுக்கணும்னா ரெண்டு பேரும் வந்துடுவாங்க.”

சுவர்த் தகராறு அங்கே சின்ன விஷயமல்ல. பாறையின் மேல் மணலையும் கடற்பாசியையும் கொட்டி, தலைமுறை தலைமுறையாக மண்ணை உண்டாக்கிய நிலம் அது. பாறையில் பெயர்த்த கல்லையே சாந்து பூசாமல் அடுக்கி வேலியாக்கினார்கள். பல வேலிகளுக்குப் படலே கிடையாது. மாட்டை விடுவதற்கு ஓரிடத்தில் கற்களை இறக்குவார்கள், மாடு போனதும் திரும்ப அடுக்குவார்கள்.

கடலிலோ தனியாள் என்று யாரும் இல்லை. கரஹ் என்பது மெல்லிய மரச்சட்டத்தின் மேல் தார் பூசிய கான்வாஸ் போர்த்திய படகு. மூன்று நான்கு பேர் சேர்ந்து துடுப்புப் போட வேண்டும். கரையேறியதும் அதைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கிச் செல்ல வேண்டும். 1898இல் நாடகாசிரியர் ஜான் மில்லிங்டன் சிங் இங்கே வந்து தங்கிய காலத்தில், கப்பல் தள்ளி நிற்க, ஆளும் சரக்கும் கரஹில்தான் கரை சேர்ந்தன. அடுப்பில் எரிக்கும் மண்கட்டிகூடத் தீவில் கிடையாது. எதிர்க்கரையிலுள்ள கன்னமாராவின் சதுப்பு மண்ணை வெட்டி உலர்த்திப் பாய்மரப் படகில் கொண்டுவந்தார்கள். நேற்று சண்டை போட்டவன்தான் இன்று முன் துடுப்பில் உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் பதிலாக வேறொருவனைத் தேட ஊரில் ஆள் ஏது?

அந்த அறையின் கதகதப்பு இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். அங்கே இருப்பவர்கள் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. பிடித்தவர்களோடு கூடி மகிழ்வது எளிது. பிடிக்காதவர் இருக்கும் அறைக்குள்ளும் மாலையில் வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்வது வேறு வகைப் பழக்கம். அந்த இருவரும் சமாதானமாகவில்லை, ஆகாமலே போகலாம். ஆனால் ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கிறது. ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மற்றவருக்குத் தெரிந்துவிடுகிறது. பகைக்கும் அங்கே ஒரு முகம் இருக்கிறது.

இதற்கு விலையும் உண்டு. எல்லாருடைய கதையும் எல்லாருக்கும் தெரிந்த ஊரில் ஓர் இளம்பெண்ணுக்கோ, கூட்டத்தோடு ஒட்டாத ஒருவனுக்கோ மூச்சு முட்டும். தீவை விட்டுப் போகிறவர்கள் எல்லோரும் வேலைக்காக மட்டும் போவதில்லை. அந்த விடுதலை எனக்கும் வேண்டியதுதான். அதற்காகவே பலர் நகரத்துக்கு வருகிறோம்.

வந்த இடத்தில் நூறு வாசல்கள் இருக்கின்றன. ஒருவர் முகம் பிடிக்கவில்லையா, அடுத்த கடைக்குப் போய்விடலாம். டப்ளினில் நான் குடியிருக்கும் பகுதியில் புதிதாக எழும் அடுக்ககங்களின் விளம்பரத்தில் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது, வண்டி நிறுத்தத் தரைக்குக் கீழே தளம் இருக்கிறது. மனக்கசப்பில் இருக்கும் இரண்டு வீட்டாரும் ஒரே மாலையில் வந்து உட்கார ஓர் அறை வேண்டும் என்று வாங்குகிற நாம் ஏன் ஒருமுறைகூடக் கேட்பதில்லை?