‘கரீப்’ என்றால் யார்?



அரபியும் உருதுவும் ஏறக்குறைய ஒரே எழுத்துதான். ஆனால் ஒன்றுபோல் எழுதும் சொற்கள் எல்லாம் ஒரே பொருளைத் தருவதில்லை. கைன், ரா, யா, பா சேர்ந்த ‘கரீப்’ என்ற சொல்லுக்கு உருதுவில் ஏழை என்று பொருள். அரபியில் அந்நியன், ஊர் விட்டு வந்தவன்.

உலகில் ‘கரீப்’ போல, அல்லது வழிப்போக்கனைப் போல இருக்கும்படி நபி (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள் (புகாரி). ஏழையாக இருக்கச் சொல்லவில்லை. அந்நியனைப் போல இருக்கச் சொன்னார்கள்.

பீகாரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த சகோதரர் நம் சஃப்பில் நிற்கிறார். அவரை எந்தப் பொருளில் ‘கரீப்’ என்கிறோம்? ஏழை என்று மட்டும் பார்த்தால் கையில் பத்து ரூபாயைத் திணித்துவிட்டுப் போவோம். உழைத்துச் சாப்பிடுபவருக்கு அது மனவேதனை. ஊர் விட்டு வந்தவர் என்று பார்த்தால் ஸலாம் சொல்லிப் பெயர் கேட்போம். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவோம்.

ஜகாத் பெறுவோரைச் சொல்லும் தவ்பா அத்தியாயத்தின் 60-வது வசனம் ஏழையைத் தனியாகவும் வழிப்போக்கரைத் தனியாகவும் குறிப்பிடுகிறது. வறுமை வேறு, ஆதரவற்ற நிலை வேறு.

இந்த துன்யாவில் நாமும் ‘கரீப்’தான். ஓர் அந்நியன் இன்னோர் அந்நியனை ஒதுக்கலாமா? அல்லாஹ் நம் உள்ளங்களை விசாலமாக்குவானாக! ஆமீன்.