நவரைக்கு மீசை உண்டு

அந்தப் பையன் நோட்டைத் தொடுவதற்கு முன்னால் கையைத் துடைத்துக்கொண்டான். அரை டிராயரில் ஒரு முறை. அது போதாது என்று நினைத்தானோ என்னவோ, சட்டையின் முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய் இன்னொரு முறை. மாதங்கள் ஆகிவிட்டன. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டாவது துடைப்பு குறுக்கே வந்து நிற்கிறது.

நடந்தது இவ்வளவுதான். என் தங்கை தன் மகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. வீட்டிலேயே படிக்க வைக்கிறாள். டிவியும் ஊர்சுற்றலும் அந்தப் படிப்பில் பாதி. நான் ராயபுரத்துக்காரன் என்பதால் வடசென்னை மட்டும் என் பொறுப்பு. ஒரு வேலைநாள் காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அவளை அழைத்துப் போனேன். ஏலம் அடங்கும் நேரம். ஐஸ் பெட்டி ஓரம் குந்தி மீன் பிரித்துக்கொண்டிருந்த பையன், அவள் வயதுதான் இருக்கும், நிமிர்ந்து பார்த்தான். "இன்னா, ஸ்கூல் லீவா?"

"இல்ல, நான் வீட்லயே படிக்கிறேன். இது ஃபீல்டு ட்ரிப்."

அவன் மேலே எதுவும் கேட்கவில்லை. அவள் நோட்டில் ஒரு சிவப்பு மீனை வரைந்து, கீழே சங்கரா என்று எழுதியிருந்தாள். எட்டிப் பார்த்தவன், "சங்கரா இல்ல, நவரை. மீசை பாரு" என்று கூடையிலிருந்து ஒன்றை எடுத்து, தாடைக்கு அடியில் மடங்கிக் கிடந்த இரண்டு இழைகளை நகத்தால் இழுத்துக் காட்டினான். இவள் நோட்டையும் பென்சிலையும் நீட்டினாள். அப்போதுதான் துடைத்தான். மீசையை வரைந்தான். யாரோ "டேய்" என்றார்கள், போய்விட்டான்.

என் மருமகளுக்கு மீன்கள் தெரியாது என்று சொல்ல முடியாது. தமிழில் பேசும் டிஸ்கவரியைப் பார்த்து வளர்ந்தவள். கோமாளி மீன் எந்தக் கடல் சாமந்திக்குள் ஒளியும் என்று சொல்வாள். ஆனால் தன் தட்டில் வறுத்து வைக்கும் நவரை, அந்த இரண்டு இழைகளால்தான் மணலைக் கிளறி இரை தேடுகிறது என்பது அவளுக்குப் புதிது. எனக்கும்தான். அன்று காசிமேட்டுக்கு முன்னால் ராயபுரம் ரயில் நிலையத்தையும் காட்டியிருந்தேன். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது, நாட்டில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் இதுதான் பழையது என்றெல்லாம் பெருமையாகச் சொன்னேன். தேதியை எழுதிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னது மீசையைப் பற்றி மட்டும்.

துடைத்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை என்றும் தோன்றும். மீன் கவிச்சி, நோட்டில் ஒட்டும், துடைத்தான். சரி. இரண்டாவது முறை?

நாங்களும் துடைத்திருக்கிறோம். எண்பதுகளில் எங்கள் தெருவில் மாடி வீட்டில் மட்டும்தான் டிவி. படியேறுவதற்கு முன் குழாயடியில் கால் கழுவ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, கழுவினோம். பள்ளி இல்லாத மதியங்களில் அங்கே ஒரு நிகழ்ச்சி ஓடும். பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷனில் தொடங்கிய கல்லூரிப் பாடம் அது என்று பின்னால்தான் தெரிந்தது. சிற்றூர் மாணவனுக்கும் நல்ல ஆசிரியர் கிடைக்கட்டும் என்பது திட்டம். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு வாக்கியம் புரியாது. எரிமலைக் குழம்பு வழிவதை வாய் பிளந்து பார்ப்போம். மாடி வீட்டு அம்மா கொட்டாவி விட்டுக்கொண்டே சினிமா எப்போது வரும் என்று காத்திருப்பார். நான் அன்று கற்றேனா? பூமிக்கு அடியில் நெருப்பு இருக்கிறது என்று தெரிந்தது. அடுத்தவர் வீட்டில் எவ்வளவு ஒடுங்கி உட்கார வேண்டும் என்பது அதைவிட நன்றாகத் தெரிந்தது. பாடத்திட்டம் போட்டவர்கள் இரண்டாவதை எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஹார்பரில் வேலை பார்த்த அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். கடற்கரை என்று பேர். எங்கள் பக்கம் மணல் கிடையாது, கருங்கல் குவியல்தான். "மெரினாவுக்கு மட்டும் எப்படிப்பா அவ்ளோ மணல்?" என்று கேட்டதற்கு, "நம்முளுதுதான்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையையே சொல்லியிருக்கிறார். இந்தக் கரையில் அலைகள் மொத்தத்தில் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே இருக்கும். 1870களில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் மணல் தெற்கே தடுத்து நிறுத்தப்பட்டது. மெரினா அகன்றது, ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை போட்டார். வடக்கே கடல் மட்டும் வழக்கம்போல மணலை அள்ளிக்கொண்டு போனது. ராயபுரமும் திருவொற்றியூரும் தெருத் தெருவாகக் கரைந்தன. பிறகு கல் கொட்டினார்கள். இதை என் மருமகளுக்குச் சொன்னபோது நோட்டில் அம்புக்குறி போட்டு வரைந்துகொண்டாள். அழகான படம். அந்தப் பையனுக்கு இது படம் இல்லை, அவன் பாட்டி வீடு இருந்த இடமாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்ல முடிகிறது. அவனைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. காலையில் மீன் பிரித்துவிட்டுப் பத்து மணிக்குச் சீருடை மாட்டிக்கொண்டு ஓடுபவனாகவும் இருப்பான்.

டோட்டோ-சான் என்ற ஜப்பானியப் புத்தகத்தை எப்போதோ படித்தது அரைகுறையாக நினைவிருக்கிறது. ஜன்னலில் நின்று தெருப் பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டதற்காகப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி. பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகளான இன்னொரு பள்ளி. மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்று சொன்ன தலைமையாசிரியர் கொபயாஷி. நடந்துபோகிற வழியில் ஆசிரியை பூவின் சூலகத்தையும் மகரந்தத்தாளையும் காட்டுவார். பாடம் நடக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. என் தங்கை அந்தப் புத்தகத்தைப் பத்துப் பேருக்காவது வாங்கிக் கொடுத்திருப்பாள். ஆனால் அவள் சொல்லாத ஒன்று உண்டு: அது ஒரு பள்ளி. நடக்கும்போது பக்கத்தில் இன்னொரு பிள்ளை நடந்தது.

2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிய பிறகு ராயபுரத்தில் எல்லாப் பிள்ளைகளுமே வீட்டில் படித்தவர்கள்தான். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அப்போது கைகொடுத்தது. செல்போன் ஒன்று, பிள்ளைகள் மூன்று என்ற வீடுகளில் டிவிதான் வாத்தியார். பாடங்கள் மோசமில்லை, நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் டிவி கேள்வி கேட்பவனைப் பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் சிலர் அந்த இடைவெளியில் வேலைக்குப் போனார்கள், அப்படியே நின்றுவிட்டார்கள்.

2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது. ஆண்டுதோறும் வீடு வீடாகப் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்கிறார்கள். நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையில் மீனோடு இருப்பவன் அந்தப் பட்டியலில் ஏறுவான். நோட்டோடு இருப்பவளை இதுவரை யாரும் விசாரித்ததில்லை. அவளுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வு இருக்கிறது, அதற்கு முன்னால் படித்த அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். ஒரே காலை, ஒரே துறைமுகம். அவள் பார்க்க வந்தாள், அவன் பார்க்கப்பட்டான். அவன் கை தானாகவே அதைப் புரிந்துகொண்டதோ?

தங்கையிடம் சொன்னேன். கோபப்படவில்லை. "அப்போ ஸ்கூல்ல சேத்துடுன்றியாண்ணா? நான் சேர்க்குற ஸ்கூல்ல அந்தப் பையன் இருப்பானா?" என்றாள். இருக்க மாட்டான். கட்டணம் வாங்கும் பள்ளியில் சேர்த்திருந்தால் நவரையும் சங்கராவும் அவளுக்கு இன்றும் ஒன்றுதான். அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவும் மாட்டாள். மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. என் பிள்ளைகளை நான் அங்கே சேர்க்கவில்லை.

அடுத்தது எண்ணூர் முகத்துவாரம் என்று தங்கை தேதி குறித்திருக்கிறாள். அலையாத்தி மரங்கள், அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த சேறு, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவிய கொசஸ்தலை ஆறு. பாடம் நிறைய இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களின் கஷ்டத்தைப் பிள்ளைக்குக் காட்டுவது கல்வியா, வேடிக்கையா என்று கேட்டேன். காட்டாமல் விட்டால் மட்டும் என்ன என்று திருப்பிக் கேட்டாள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.