பிடிபடுதல்

திருவொற்றியூர் தேரடியில் டீ குடிக்க நின்றால் இன்றைக்கும் இந்தப் பேச்சு காதில் விழும். "பையன் இன்னா பண்றான்?" "அப்ரண்டிஸ் போறான்." வேலைக்குப் போகிறான் என்றும் சொல்வதில்லை, படிக்கிறான் என்றும் சொல்வதில்லை. ஐ.டி.ஐ. முடித்த கையோடு நானும் ஒரு வருடம் அப்படித்தான் போனேன். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம்.

முதல் வாரம் அரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சீனியர் ஃபிட்டர் அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இறுக்கிப் புடிக்காத தம்பி. கை பழகட்டும், தானா புடிபடும்."

பல வருடம் கழித்து, சும்மா ஒரு ஆசையில் செல்போனில் பிரெஞ்சு படிக்க ஆரம்பித்தேன். கற்றுக்கொள்வதற்கு அங்கே 'அப்ராந்த்ர்'. அட, நம்ம அப்ரண்டிஸ்! தோண்டிப் பார்த்தால் வேர் லத்தீன்: 'அப்ரெஹெந்தெரெ', கையால் பற்றுவது. ஸ்பானிஷிலும் போர்த்துகீசியத்திலும் அது 'அப்ரெந்தெர்'. இத்தாலியில் 'அப்ரெந்தெரெ' இருக்கிறது, ஆனால் கொஞ்சம் ஏட்டுச் சொல். பேச்சில் 'இம்பராரே' என்பார்கள். ருமேனியர்கள் வேறு வழியில் போய்விட்டார்கள். அவர்களின் 'இன்வட்சா' வந்தது, குறை, தீய பழக்கம் என்று பொருள்படும் 'விட்டியும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து. பொருள் மெல்ல நகர்ந்து, பழகுவதே கற்பது என்றாகிவிட்டது. ஆங்கிலத்திலோ அதே 'பற்று' மூன்றாகப் பிரிந்தது: கற்கிற அப்ரண்டிஸ், போலீஸ் பிடிக்கிற 'அப்ரிஹென்ட்', மனதைப் பிடிக்கிற அச்சமான 'அப்ரிஹென்ஷன்'.

நமக்கு இது புதிதா? பாடமும் பிடிபடும், திருடனும் பிடிபடுவான். பிரெஞ்சு, ருமேனியச் சொற்களில் ஒரு விசேஷம்: கற்பதற்கும் கற்பிப்பதற்கும் அதே வினைதான். தமிழிலும் 'கல்'லிலிருந்துதான் 'கற்பி', 'பழகு'விலிருந்துதான் 'பழக்கு'. ஒருவன் கற்காமல் இன்னொருவன் கற்பிக்க முடியாது.

அந்த அண்ணன் சொன்ன பழக்கமும் பிடியும் இத்தனை மொழிகளில் இருக்கின்றன. ஆனால் எனக்கு உறுத்தியது வேறு.

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், 18-ஆவது பிரிவில், அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர் என்கிறது. அவர் கைக்கு வருவது உதவித்தொகை, சம்பளம் இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற பொதுக் கட்டாயமும் இல்லை. இதில் ஒளிவுமறைவு கிடையாது, தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். முதல் மூன்று மாதம் நான் இரும்பைப் பாழாக்கியதுதான் அதிகம். அப்போது என்னைக் கற்பவன் என்றது நியாயமே.

ஆறாவது மாதம் என் கையில் முடிந்த பீஸும் அண்ணன் கையில் முடிந்த பீஸும் ஒரே டிரேயில் போயின. ஷிஃப்டுக்கு ஆள் குறைந்தால் "நீ வாடா" என்பார்கள். பணம் என்று வந்தால் "கத்துக்கிற பையன்தானே" என்பார்கள். இரண்டுமே பொய் இல்லை. அதனால்தான் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. உண்மையான ஒரு சொல்லை வைத்தே ஒருவன் உழைப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்பது அன்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வருடமே சி.என்.சி. மெஷின் ஒன்று வந்தது. இருபத்தெட்டு வருடம் சர்வீஸ் போட்ட அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று, "இந்த நம்பர்லாம் இன்னா தம்பி, கொஞ்சம் சொல்லிக் குடு" என்றார். ஒரு மாதம் அவர் கற்றுக்கொண்டார். அந்த மாதமும் அவருக்கு முழுச் சம்பளம் வந்தது, வரத்தான் வேண்டும். கற்பவன் தொழிலாளி இல்லை என்றால், அந்த ஒரு மாதம் அவர் யார்? அவருக்குக் கற்பித்த நான் யார்?

வருடம் முடிந்தது. சான்றிதழ் கொடுத்தார்கள். மறுவாரம் அடுத்த பேட்ச் உள்ளே போனது.

இப்போதும் தேரடியில் யாராவது "அப்ரண்டிஸ் போறான்" என்றால், "இன்னா கத்துக்கினான்?" என்று கேட்கிறோம். நல்ல கேள்விதான். கூடவே இன்னொன்றும் கேட்கலாம்: கத்துக்கிட்டே எவ்ளோ செஞ்சு குடுத்தான்?