முதலும் துணையும்

புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு உதவுவது நற்செயல் என்பதை மறுப்பார் இல்லை. எது உதவி என்பதில்தான் நாம் தெளிவு பெற வேண்டியிருக்கிறது.

சங்கரன்கோவில் விசைத்தறிகளால் வாழும் ஊர். பருத்திச் சேலைக்குப் பெயர் பெற்ற இவ்வட்டாரத்தில், பாவும் ஊடை நூலும் முதலாளியிடம் பெற்று, நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோர் பலர். தறி சொந்தமாக இருக்கலாம். நூலும் சேலையும் பிறருடையவை. இத்தகைய ஒருவருக்குக் கடன் கொடுத்து இன்னொரு தறி வாங்கச் செய்தால், அவர் இரண்டு தறிக்குக் கூலி பெறுவார். தொழில்முனைவர் ஆகிவிட மாட்டார். தாமே நூல் வாங்கி, நெய்த சேலையை விற்று, கடைக்காரர் பணம் தரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில்தான் புதியவர் வீழ்கிறார்.

வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் முக்காலி முடைந்த பெண்களின் நிலையும் இதுவே. மூங்கிலுக்குக் கடன் தந்த வணிகருக்கே, அவர் வைத்த விலைக்கு விற்க வேண்டியிருந்தது. 1976இல் முகம்மது யூனுஸ் 42 பேருக்கு அளித்தது மொத்தம் 27 டாலர்தான். தேவையான இடத்தில் சேர்ந்ததால் அச்சிறு தொகை பயன் தந்தது.

நம் நாட்டிலும் உதவிகள் இல்லாமல் இல்லை. தமிழக அரசு 2012-13இல் தொடங்கிய 'நீட்ஸ்' திட்டம் பயிற்சியும் மூலதன மானியமும் வட்டிச் சலுகையும் தருகிறது. 2015இல் வந்த முத்ரா திட்டம் பிணையின்றிக் கடன் வழங்குகிறது. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் சேலை விற்றாலும் தேங்கினாலும் தவணை நாள் மாறுவதில்லை. நட்டம் முழுவதும் தொடங்கியவர் தலையிலேயே விழுகிறது.

அரபு வணிகர் அறிந்திருந்த முளாரபா முறை வேறு வழி காட்டுகிறது. ஒருவர் முதலிடுவார், மற்றவர் உழைப்பார். இலாபம் பேசிய விகிதப்படி பங்காகும். கவனக்குறைவோ முறைகேடோ இன்றி நட்டம் நேர்ந்தால், பணத்தை முதலிட்டவர் இழப்பார். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார்.

இவ்வாறாயின் முதலிட எவர் முன்வருவார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், நட்டத்தில் பங்குள்ளவர் சும்மா இருக்க மாட்டார். கணக்கைப் பார்ப்பார், நூல் விலையை விசாரிப்பார், விற்க வழி தேடுவார். புதியவருக்குப் பணத்தினும் அரிதாகக் கிடைப்பது இத்துணையே. அவரும் ஒளிவுமறைவற்ற கணக்கால் அந்த நம்பிக்கைக்கு ஈடு செய்தாக வேண்டும்.

எல்லாராலும் பங்காளியாக முடியாது. ஆயினும் நம்முள் துணிக்கடை வைத்திருப்போர், புதியவரின் சேலைக்குரிய தொகையைச் சரக்கு வந்த அன்றே கொடுக்கலாம். அதுவும் அவரைத் தொழிலில் நிலைக்கச் செய்யும்.