மந்துக்குப் போன மருந்துப் பெட்டி

உதகை புனித ஸ்டீபன் ஆலயத்துக்குள் நுழைபவர்கள் அதன் மர உத்தரங்களை அண்ணாந்து பார்க்காமல் வருவதில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து, யானைகளைக் கொண்டு மலையேற்றிய மரம் அது. 1829-ல் அடிக்கல் நாட்டினார்கள். தோற்ற மன்னனின் கூரை, வென்றவர்களின் ஜெபத்துக்கு நிழல் தந்தது. ஆலயம் அழகுதான். ஆனால் அந்த உத்தரங்களை வைத்து யாருடைய பக்தியையும் அளந்துவிட முடியாது.

அதே மலையில் கேத்திப் பள்ளத்தாக்கில் நடந்தது வேறு. ஓய்வுபெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி காசமேஜர் 1840களில் அங்கே குடியேறி, படகர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1846-ல் பாசல் மிஷனார் வந்து சேர்ந்தனர். 1849-ல் காசமேஜர் இறந்தபோது தன் சொத்தில் பெரும்பங்கை அவர்களுக்கே எழுதிவைத்திருந்தார். அந்த மிஷனைச் சேர்ந்த மெட்ஸ் ஹட்டி ஹட்டியாக, அதாவது படகர் ஊர் ஊராக, நடந்தார். முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றதோ 1858-ல்!

ஒருவரும் மதம் மாறாமலே போயிருந்தால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் வீண்தானா? "ஆம்" என்றால் பள்ளிக்கூடம் தூண்டில் புழுவாகிவிடும். மறுபக்கமும் இருக்கிறது. தன் உயிருக்கு மேலானது என்று நம்புவதைப் பிறரிடம் வாய்திறக்காமல் மறைப்பவரை நேர்மையானவர் என்று சொல்லிவிட முடியுமா? இரண்டு கேள்விக்கும் எடை உண்டு. ஆனால் மாறியவர் ஹட்டியையும் உறவையும் இழக்க நேர்ந்தது. அந்த விலையைக் கொடுத்தவர் போதித்தவர் அல்ல.

இந்த வழக்கில் வாதத்தைவிட ஒரு செவிலியின் வேலை அதிகம் சொல்கிறது. ஈவம் பில்ஜெய்ன் அதே மலையின் எருமை மேய்க்கும் தோடர் குலத்தில் பிறந்த கிறிஸ்தவர். இங்கிலாந்தில் செவிலியர் பயிற்சி பெற்றவர். நாடு விடுதலையான பிறகு தோடருக்கான நடமாடும் மருத்துவக் குழுவை வழிநடத்தினார். 1950களின் தொடக்கத்தில் தோடர் தொகையே சில நூறுதான். பால்வினை நோயால் பல வீடுகளில் தொட்டில் ஆடவில்லை. பென்சிலின் ஊசியும் பேறுகாலக் கவனிப்பும் தோடர் குடியிருப்புகளான மந்துகளுக்கு, மந்து மந்தாகப் போயின. பயன் பெற்றவர்களில் பெரும்பாலோர் எருமைகளையும் பால்மனைக் கோயில்களையும் விடவில்லை; மருந்துப் பெட்டியும் அப்படி எதையும் விலையாகக் கேட்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் தோடர் சுமார் 2,000 பேர். இந்தப் பெருக்கம் ஈவம் ஒருவரால் நடந்ததல்ல, உண்மை. ஆனாலும் அதன் பின் பிறந்த குழந்தைகளை எந்தச் சபையின் பதிவேட்டிலும் வரவு வைக்க முடியாது என்பதுதான் இதில் விசேஷம்.

இயேசு சொன்ன சமாரியன் கதையிலும் அடிபட்டுக் கிடந்தவன் கடைசிவரை யாராகவும் மாறுவதில்லை. சமாரியன் காயத்துக்குக் கட்டுப் போடுகிறான், சத்திரத்துக்குப் பணம் கொடுக்கிறான், கதை அவ்வளவுதான். பிரசங்கங்களில் இது அதிகம் கவனிக்கப்படுவதில்லை.

எல்லாருக்கும் மருந்துப் பெட்டி வாய்ப்பதில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடை போடுபவருக்கு வாய்த்தது ஒரு தராசு. ஈர இலைக்கு எவ்வளவு கழிப்பது என்று முடிவு செய்யும் கை அவருடையது; ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குவிந்ததும் அதே கைதான். மூட்டையை இறக்கிவைத்த பெண் எடையைத் தானே பார்க்கும்படி அவர் சற்று விலகி நிற்கிறாரா என்று கவனிக்க, திங்கட்கிழமை மழையில் எந்தக் குருவானவரும் அங்கே வரப்போவதில்லை.