ஓர் அச்சில் பிறந்த காசுகள்

இரண்டு காசுகள் ஒன்றுபோல் இருக்கின்றன. ஆகவே அவை ஓர் அச்சில் பிறந்தவை என்று சொல்லிவிடலாமா? நாணயவியல் அறிஞர் இதற்கு எளிதில் தலையசைப்பதில்லை.

பண்டைக் கிரேக்கரும் உரோமரும் அடி அச்சைப் பட்டடையில் பதித்து, அதன்மேல் வெள்ளி வில்லையை இட்டு, மேல் அச்சைக் கையிற் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தனர். அடியை நேரே தாங்கும் மேல் அச்சு விரைவில் தேயும், புதியது வெட்டப்படும். அடி அச்சோ நெடுநாள் நிற்கும். ஆதலின் முகம் ஒன்றாகவும் முதுகு வேறாகவும் அமைந்த காசுகள் பல பிறந்தன.

ஆராய்வோர் நோக்குவது உருவத்தை அன்று. அரசன் தலை எல்லா அச்சிலும் உண்டு. எழுத்துக்கும் மூக்கு நுனிக்கும் உள்ள இடைவெளி, வெட்டியவன் கைதவறி வைத்த புள்ளி, அச்சில் ஓடிய விரிசல் ஆகியவையே அவர்க்குச் சான்று. அச்சில் பள்ளமான விரிசல் காசில் மேடாக எழும். அது வளர்ந்த அளவைக் கொண்டு முந்தியது எது, பிந்தியது எது என்றும் அறிவர். அலெக்சாந்தரின் காசுகளுள் வெவ்வேறு சின்னம் தாங்கியவை ஒரே அக்கசாலையைச் சேர்ந்தவை என்பதை அமெரிக்க அறிஞர் எட்வர்டு நியூவெல் 1912-இல் இத்தகைய அச்சு உறவைக் கொண்டே நிறுவினார். குறைகளே உறவுக்குச் சாட்சி சொல்வது வியப்பன்றோ!

இந்நகரில் வாழும் என் நண்பர் ஒருவர் கரூர்ப் பக்கத்தவர். பாட்டனார் பெட்டியிலிருந்த இரண்டு டைபீரியஸ் வெள்ளிக்காசுகளைப் பெண்கள் இருவர்க்கும் ஆளுக்கொன்றாகக் கொடுக்க வைத்திருந்தார். ஒப்பிட்டுப் பார்த்தோம். எழுத்து, இடைவெளி, தேய்மானம், விளிம்பின் வெடிப்பு வரை ஒன்றாகவே இருந்தன. நாங்கள் மகிழ்ந்தோம். துறையறிந்த பெரியவர் ஒருவரோ, "அச்சு ஒன்றாகலாம், வெடிப்பும் தேய்மானமும் எப்படி ஐயா ஒன்றாகும்?" என்றார். உருப்பெருக்கியில் நுண்குழிகளும் தெரிந்தன. இரண்டும் ஏதோ ஒரு காசிலிருந்து வார்த்தெடுத்தவை.

"சொல்லாமலே கொடுத்தால் என்ன? தாத்தா பொய் சொல்லவில்லையே," என்றார் நண்பர்.

உண்மைதான். அறியாதவரிடம் பொய் இல்லை. ஆனால் அறிந்தபின் அதே காசை அதே பெயரால் கொடுத்தால்? செருமானியரான கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) பழங்காசுகளுக்குத் தாமே அச்சு வெட்டி, நல்ல பொன்னிலும் வெள்ளியிலும் அடித்தார். புதுமை தெரியாதிருக்க, இரும்புத்தூள் நிறைந்த பெட்டியிலிட்டு வண்டியோடு குலுங்கவிட்டாராம். அவர் அச்சுகள் பல இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ளன. உலோகமும் மெய், கைத்திறனும் மெய். பழையது என்ற பெயர் மட்டுமே பொய். அதனால்தான் 'பெக்கர் காசு' என்று சொல்லியே இன்று அவற்றை விரும்பி வாங்குவாரும் உளர். காசையும் நேர்மையையும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லால் வழங்கும் நமக்கு இது விளங்காததன்று.

இதனை நண்பரிடம் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. சில நாள் கழித்துச் சென்றபோது, பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாள் இருந்தது: "தாத்தா வைத்திருந்தவை. வார்ப்பு, உரோமர் காலத்தன அல்ல." மூத்தவளுக்குத் தை மாதம் திருமணம். தாளை அவளிடம் படித்துக் காட்டுவதா, அவளே காணட்டும் என்று விடுவதா என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.