மங்கிய வெளிச்சமும் மனிதப் பொறுப்பும்

அறியாமல் நேர்ந்த தீங்குக்கு மனிதன் எந்த அளவுக்குப் பொறுப்பாளி என்னும் வினா, சட்ட நூல்களிலும் அறநூல்களிலும் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவது. அறிய வழியே இல்லாதவனை எவரும் குற்றம் சாட்டுவதில்லை. அறிய வழியிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டவனை எவரும் விட்டுவிடுவதுமில்லை. இவ்விருவருக்கும் நடுவே மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அறிவிக்கும் கருவி அவன் கண்ணெதிரிலேயே இருக்கிறது. ஆனால் அக்கருவியின் மீது விழவேண்டிய வெளிச்சம் ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக மங்கி வந்தது; அவனும் சிறிது சிறிதாக அந்த மங்கலோடு பழகிப்போனான். இவனை எந்தக் கணக்கில் எழுதுவது?

இவ்வினாவை ஒரு பழைய காரின் துணைகொண்டு ஆராய எண்ணுகிறேன். வாசகர்கள் வியப்படைய வேண்டாம். நம் முன்னோர் தராசைக் கொண்டும் கப்பலைக் கொண்டும் அறத்தை விளக்கினார்கள்; நாம் ஏறிச் செல்வது காராயிருக்கும்போது காரைக் கொண்டு விளக்குவதில் தவறென்ன?

அம்பாசிடர் கார் ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, 1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் செய்யப்பட்டது. இன்றும் நம் ஊர்களில் சில வீட்டு வாசல்களில் அது நிற்கிறது. என் மைத்துனரிடமும் ஒன்று உண்டு. இரவில் விளக்கைப் போட்டதும் மீட்டர் போர்டின் பின்னாலுள்ள சின்னஞ்சிறு பல்புகளும் எரிந்து, வேகம், பெட்ரோலின் இருப்பு, இஞ்சினின் வெப்பம் ஆகியவற்றைக் காட்டும் முட்களுக்கு வெளிச்சம் தரவேண்டும். முப்பது ஆண்டு ஓடிய வண்டியில் அந்த முட்கள் மார்கழி மாதத்து விடியற்காலை மூடுபனிக்குள் நிற்கும் மரங்களைப் போலத் தெரியும். ஓட்டுபவர் அதற்காக வருந்துவதில்லை. "இஞ்சின் சத்தத்தைக் கேட்டே வேகத்தைச் சொல்லிவிடுவேன் மச்சான்" என்பார் என் மைத்துனர். பெட்ரோலை நினைவிலிருந்து சொல்வார். வெப்பத்தை வாசனையிலிருந்து சொல்வார்.

மத்ரஸாவில் ஓதியவர்கள், மனித அறிவை யகீன், ழன்னு, ஷக்கு, வஹ்மு என நான்கு படிகளாகப் பிரித்துப் படித்ததை நினைவுகூர்வார்கள். ஐயத்துக்கு இடமற்ற உறுதி முதலாவது. ஒரு பக்கம் மேலோங்கிய எண்ணம் இரண்டாவது. இரு பக்கமும் சமமாக நிற்கும் ஐயம் மூன்றாவது. வலுவிழந்த பக்கத்தைப் பற்றிய எண்ணம் நான்காவது. மீட்டரின் வெளிச்சம் மங்கும்போது ஓட்டுபவருடைய அறிவு முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கிவிடுகிறது. இறங்கியது பெருந்தீங்கு என்று சொல்லமாட்டேன். வாழ்க்கையின் பெரும்பகுதியை நாம் ழன்னைக் கொண்டே நடத்துகிறோம். இறங்கியதை அறியாமல், முதற்படியில் நிற்பதாகவே எண்ணிக்கொண்டு, பின்னிருக்கையில் பெண்டு பிள்ளைகளை ஏற்றிச் செல்வதே தீங்கு.

வெளிச்சம் ஏன் மங்குகிறது? பல்புக்குள்ளிருக்கும் டங்ஸ்டன் இழை எரிய எரியத் துகள் துகளாக ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் கரும்படலமாகப் படிகிறது. பல்பு சாவதற்கு முன் நெடுநாள் மங்கியே வாழ்கிறது. அது ஒரு காரணம். பல்பைத் தாங்கும் ஹோல்டரில் துரு ஏறுவது இரண்டாவது. மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியை மெக்கானிக்குகள் எர்த் என்பார்கள். வண்டியின் இரும்புடலோடு அது சேரும் திருகின் அடியில் அழுக்கும் துருவும் சேர்வது மூன்றாவது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பன்னிரண்டு வோல்ட் வரவேண்டிய இடத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சமும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று நாம் எண்ணுவோம். உண்மையில் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடுகிறது. சிறு தடைக்குப் பெரு மங்கல் விளைகிறது. இவற்றோடு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள வண்டியில் அதன் கம்பிச் சுருள் களிம்பேறுவதும், மீட்டர் கூட்டின் உட்புறத்து வெள்ளைப் பூச்சு பழுப்பதும் உண்டு. எதுவும் ஒரே நாளில் நேர்வதில்லை.

ஆனால் பல்பைக் குறை கூறுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: மங்கியது விளக்கா, கண்ணா? கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் புகுகிறது என்று நிறுவியவர், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். அவருடைய "கிதாபுல் மனாழிர்" பதினோராம் நூற்றாண்டில் எழுந்தது. புகும் வழி குறுகினால் புகுவதும் குறையும் அல்லவா? அறுபது வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதினருக்கு எட்டுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே ஓர் இளைஞனை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, "தம்பி, எண்கள் தெரிகின்றனவா?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குவதே முறை. அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தால், போகவேண்டிய இடம் கண் மருத்துவமனை. உலகம் இருண்டுவிட்டது என்று புலம்பும் முதியவர்கள் சிலருக்கும் இந்தச் சோதனையைப் பரிந்துரைக்கலாம்.

என் மைத்துனரின் வண்டியில் இளைஞனுக்கும் தெரியவில்லை. ஆகவே ஒரு விடுமுறை நாளில் நானும் அவரும் அமர்ந்தோம். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். மீட்டர் போர்டின் பின்னே இரும்புக் கருவி ஒன்று தவறான இடத்தில் பட்டாலும் ஒயர் கருகிவிடும். பிறகு வேகமானியின் பின்புறம் வந்து சேரும் கேபிளின் மறையைத் திருகிக் கழற்றி, போர்டை மெல்ல முன்னால் இழுத்தால் பல்புகளின் ஹோல்டர்கள் கைக்கு அகப்படும். கறுத்த பல்புகளை மாற்றி, ஹோல்டரின் உட்புறத்தை மெல்லிய உப்புத்தாளால் பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். எர்த் திருகைக் கழற்றி, ஒயரின் நுனியையும் அது அமரும் இரும்பையும் அவ்வாறே தேய்க்க வேண்டும். மீட்டரின் எண் பலகையை ஈரத்துணியால் துடைக்கலாகாது. பழைய எண்கள் துணியோடு வந்துவிடும். பிறகு பேட்டரியை இணைத்து, விளக்கைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் உடலிலும் மறுமுனையை பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்துப் பார்த்தால், எண் சுழியை ஒட்டி நிற்க வேண்டும். அரை வோல்ட் காட்டினாலும் வழியில் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அம்பாசிடரின் மீட்டர்கள் பல்பை நம்பியவை. ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானங்களிலும் படை வண்டிகளிலும், இருளில் தாமே ஒளிரும்படி ரேடியம் கலந்த வண்ணம் பூசிய மீட்டர்கள் இருந்தன. அத்தகைய பழம்பொருள் கையில் கிடைத்தால் சுரண்டிப் பார்க்கக் கூடாது. ஒளிரும் தன்மை சில பத்தாண்டுகளில் போய்விடும். ரேடியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1600 ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில், கடிகார எண்களுக்கு அவ்வண்ணம் தீட்டிய இளம்பெண்கள் தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி பழக்கப்பட்டார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் மாண்டனர். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. நமக்கு நேரம் தெரிய வேண்டும் என்பதற்காக யாரோ ஒருத்தி இருளுக்குள் அனுப்பப்பட்டாள். வெளிச்சத்துக்கும் விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார் என்று கேட்பதும் அறத்தின் பகுதிதான்.

இனி, குறுக்கு வழிகளைப் பார்ப்போம். துருவைத் தேய்க்கச் சோம்பி, பெரிய பல்பைப் போடுவோர் உண்டு. அதன் சூடு ஹோல்டரை உருக்கும். கண்ணைக் கூசவைக்கும் எல்இடி பல்பைப் போடுவோரும் உண்டு. மீட்டர் அளவுக்கு மிஞ்சி ஒளிர்ந்தால், இருளுக்குப் பழகிய கண் அப்பழக்கத்தை இழந்து, சாலையில் நடந்து செல்பவனைக் காணாமல் போகும். முள்ளைக் காட்டும் வெளிச்சம் மனிதனை மறைக்கலாகாது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதைவிடத் தடித்த கம்பியைச் சுற்றிவைப்பவன் இவர்கள் அனைவரிலும் கேடானவன். ஃபியூஸ் தன்னை எரித்துக்கொண்டு உண்மை சொல்லும் சாட்சி. அவன் நோயை விட்டுவிட்டுச் சாட்சியின் வாயைக் கட்டுகிறான்.

மீட்டரைக் கழற்றி மடியில் வைத்திருக்கும் நேரத்தில் வேறொரு சோதனையும் வருகிறது. வெளிச்சம் தரும் பல்புக்கு விரற்கடை தூரத்தில், வண்டி இதுவரை ஓடிய கிலோமீட்டர்களைக் காட்டும் எண் சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றைப் பின்னுக்குத் திருப்ப வல்லவர்கள் நாட்டில் குறைவில்லை. "விற்கும்போது பத்தாயிரம் ரூபாய் கூடக் கிடைக்குமே" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். விற்பனைப் பொருளின் குறையை மறைப்பதற்கு ஃபிக்ஹு நூல்கள் தத்லீஸ் என்று பெயரிட்டிருக்கின்றன; ஏமாந்தவருக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் பேசப்பட்டிருக்கிறது. மங்கிய மீட்டர் ஒன்றும் சொல்வதில்லை; திருப்பிய மீட்டரோ நல்ல வெளிச்சத்தில் பொய் சொல்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டுமென்றால் நான் இருட்டையே தேர்ந்துகொள்வேன்.

எங்கள் தெருமுனையில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். நாங்கள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடியே, "ஹஜ்ரத், நீங்களே எல்லாத்தையும் கழற்றினால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது?" என்றார். வேடிக்கைப் பேச்சானாலும் அதில் நியாயம் இருக்கிறது. கைத்தொழிலாளியின் ஊதியத்தைக் கஞ்சத்தனத்தால் மிச்சம் பிடிப்பது வேறு. தன் பொருளைத் தானே அறிந்துகொள்வது வேறு. மருத்துவம் கல்லாதவன் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்பது நம் சட்ட மரபு. அந்த எல்லை இங்கும் பொருந்தும். பல்பும் துருவும் வீட்டுக்காரரின் வேலை. கருகிய ஒயர்க் கட்டு அவருடைய வேலை. "தம்பி, ஒயரைத் தொடமாட்டோம்; அது உங்களுக்குத்தான்" என்றேன். அப்படியே, தோல் வெடித்திருந்த இரண்டு ஒயர்களை அவரே மாற்றிக் கொடுத்தார், கூலியும் பெற்றுக்கொண்டார். அவரிடம் கொடுக்கும்போது நாம் வாங்குவது அவருடைய உழைப்பை; வண்டியில் ஏறுகிறவர்களின் உயிர் என்னும் அமானிதம் நம்மிடமே தங்கிவிடுகிறது. அதற்கு அவர் கூலி கேட்பதுமில்லை, பொறுப்பு ஏற்பதுமில்லை.

தொடக்கத்தில் கேட்ட மூன்றாமவனுக்கு வருவோம். பழக்கம் அவனுக்கு ஓரளவு மன்னிப்பைத் தருகிறது என்றே நான் கருதுகிறேன். மங்கிய ஒவ்வொரு நாளும் முந்திய நாளைப் போலவே இருந்ததால், எந்த நாளில் அவன் கவனித்திருக்க வேண்டும் என்று சுட்டிக்காட்ட இயலாது. ஆனால் பிறர் ஒருவர், "தெரியவில்லையே" என்று சொன்ன நாளோடு அந்த மன்னிப்பு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டவனின் வரிசையில் சேர்கிறான்.

இன்னொன்று. வெளிச்சம் அளவைத் திருத்துவதில்லை. அளவு எதுவோ அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பல பழைய வண்டிகளில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே மின்சீராக்கியை நம்பியிருக்கும். எர்த் கெட்டால் அச்சீராக்கியும் கெட்டு, முட்கள் உள்ளதைவிட உயர்த்திக் காட்டும். விளக்கை மங்கச் செய்த அதே துரு, முள்ளையும் பொய்யனாக்கியிருக்கக் கூடும். எனவே எர்த்தைச் சுத்தம் செய்தபின் முட்களை மறுபடியும் பார்த்தாக வேண்டும்.

அன்றிரவே வண்டியை ஊருக்கு வெளியே ஓட்டிச் சென்றோம். எண்கள் இளம்பச்சை நிறத்தில் துலக்கமாகத் தெரிந்தன. மைத்துனர் சொல்லி வந்த வேகத்துக்கும் முள் காட்டிய வேகத்துக்கும் பத்துக் கிலோமீட்டர் வேறுபாடு இருந்தது. அதைவிட, எர்த் சரியான பின்னும் வெப்ப முள் நடுக்கோட்டைத் தாண்டி வலப்புறம் சாய்ந்து நின்றது. எத்தனை மாதமாக அது அங்கே நின்றதோ, தெரியாது. அவர் ஒன்றும் பேசாமல் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இஞ்சின் ஆறியபின் ரேடியேட்டரின் மூடியைத் திறந்தபோது, தண்ணீர் வெகு ஆழத்தில் இருந்தது.